"எல்லாருக்கும் இருக்குறதுதானே!"

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று வந்தால் நம்மூரில் கிடைக்கும் முதல் பதில், "அட, இது எல்லாருக்கும் இருக்குறதுதானே!" தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்புவது கல்லீரல். 'போதும், நிறுத்து' என்று சொல்வது இன்சுலின். கொழுப்பு சேர்ந்த கல்லீரல் அந்தப் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால்தான் ராத்திரி முழுக்க எதுவும் சாப்பிடாவிட்டாலும் காலையில் சர்க்கரை ஏறியிருக்கும். இவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 2 மடங்கு. ஒல்லியானவர்களுக்கும் ஃபேட்டி லிவர் வரும்.

ரிப்போர்ட்டை பீரோவில் பூட்டி வைக்காமல், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சி-யும் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம். பயப்படவும் வேண்டாம். எடை கூடியவர்கள் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கொழுப்பு நன்றாகக் குறையும்.

கடன் ஏறுவதற்கு முன்பே வந்த நோட்டீஸ் இது. கிழித்துப் போடலாமா?