சுர்மாவும் வண்ணக்கோலும் பால்வீதியும்

மாணவச் செல்வங்களின் கைகளில் இன்று புதியதோர் எழுதுகோலைக் காண்கிறோம். ஒரு முனை உளிபோல் பட்டையாகவும், மறுமுனை தூரிகைபோல் மெல்லியதாகவும் அமைந்த மார்க்கர் அது. ஆல்கஹாலில் கரைத்த சாயமே அதன் மை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கடைத்தெருக்களில் பள்ளிக் குறிப்பேடுகளுக்கு அருகிலேயே பெட்டி பெட்டியாக அதனை அடுக்கி வைத்திருக்கின்றனர். அதனைக் கொண்டு நம் இளைஞர்கள் மிகுதியும் விரும்பி வரைவது பூவுமன்று; பறவையுமன்று. கருநீல வானில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்து ஒளிரும் விண்மீன் திரளே அவர்தம் விருப்பம்.

நமக்கு அறிமுகமான ஒரு கல்லூரியில், தமிழ்த்துறைச் சுவரிதழின் முகப்பிற்காக மாணவி ஒருவர் அத்தகைய ஓவியம் ஒன்றை வரைந்து வந்தார். கண்டோர் வியந்தனர். அவ்வேளையில் பெரியவர் ஒருவர், "இந்த மை ஆல்கஹாலால் ஆனதாமே! இறைவன் திருப்பெயர் எழுதும் தாளில் இது ஆகுமா, அம்மா?" என மென்மையாகவே வினவினார். அருகிலிருந்த மற்றொருவர், "ஆகுமோ ஆகாதோ, இதனால் பயன் என்ன? வெறும் பொழுதுபோக்குத்தானே?" என்றார். மாணவி மறுமொழி கூறவில்லை. ஓவியத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். அம்முறை சுவரிதழ் வெற்று முகப்புடன் வெளிவந்தது. அந்த வெற்றிடமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

பெரியவரின் வினா

முதல் வினாவை நாம் எள்ளி நகையாடுதல் கூடாது. உண்பதிலும் உடுப்பதிலும் பூசுவதிலும் தூய்மை எதுவென ஆராய்ந்து வாழ்வது நம் சமுதாயத்தின் பண்பு. அத்தரா, ஆல்கஹால் கலந்த நறுமணத் தெளிப்பானா என்னும் பேச்சு நம் இல்லங்களில் நெடுநாளாய் நிகழ்ந்துவருவதே. ஆயினும், வினா எழுப்பப்பட்ட இடத்திலேயே விடையும் தேடப்பட்டிருக்க வேண்டும். அதுவன்றோ கல்விக்கூடத்தின் கடமை!

ஆல்கஹால் என்னும் சொல்லின் பிறப்பையே முதலில் காண்போம். அது 'அல்குஹ்ல்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. குஹ்ல் என்பது கண்ணுக்கு இடும் மை. நம் பாட்டிமார் சுர்மா என்று சொல்லி, சிறு குப்பியில் பேணிவைத்த அதே பொருள்தான். மிக நுண்ணிய தூளைக் குறித்த இச்சொல், ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றபின், எப்பொருளிலிருந்தும் பிரித்தெடுத்த சாரத்தைக் குறித்தது. பின்னர் மதுவின் சாரத்திற்கே உரிய பெயராயிற்று. ஒரு சொல் கண்ணிலிருந்து கிண்ணத்திற்கு நடந்து சென்ற கதை இது. பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே என முடிவு கட்டலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

வேதியியலில் ஆல்கஹால் என்பது ஒரு பொருளின் பெயரன்று; ஒரு குடும்பத்தின் பெயர். மதுவில் மயக்கம் தருவது எத்தனால். மார்க்கர்களில் எத்தனாலும் உண்டு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் உண்டு. பின்னது குடிக்கத் தகாத நஞ்சு. சாயத்தைக் கரைப்பதும், தாளில் விரைந்து உலர்வதுமே இவற்றின் வேலை. உலர்ந்தபின் தாளில் எஞ்சுவது சாயமும் அதனைப் பிடித்துவைக்கும் பிசினுமேயாகும். கரைப்பான் காற்றோடு கலந்துவிடுகிறது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் இதே ஆல்கஹால்களால் ஆன கைத்தூய்மிப்பான் பள்ளிவாசல் வாயில்களிலும் வைக்கப்பட்டிருந்ததை நாம் மறந்துவிடவில்லை.

மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி நமக்கில்லை. அது ஆலிம் பெருமக்களின் பணி. குடிப்பதற்கான மதுவையும் வெளிப்பயனுக்கான கரைப்பானையும் வேறுபடுத்திப் பின்னதற்கு இசைவு தந்தோர் அவர்களுள் பலர். பேணுதல் கருதி விலகியிருப்போரும் உளர். இரு சாராரையும் நாம் மதிக்கிறோம். நாம் வேண்டுவது ஒன்றே. ஐயம் எழுந்தால் கற்றறிந்தாரிடம் கேட்போம். வேதியியல் ஆசிரியரையும் உடன் அழைப்போம். விலகுவதே நலமெனத் தோன்றின், நீர்வண்ணமோ வண்ணப் பென்சிலோ தந்து வரையச் சொல்வோம். காரணம் விளங்காமல் ஓவியத்தைச் சுருட்டிக்கொண்டு போகும்படி ஒரு பிள்ளையை விடுவது எந்தப் பேணுதலிலும் சேராது.

பொழுதுபோக்கா?

இனி, இரண்டாம் வினாவிற்கு வருவோம். இவ்வோவியம் எவ்வாறு உருவாகிறது என்பதை அருகிருந்து கண்டோர் அதனை வீண்வேலை என்னார். வழவழப்பான தடித்த தாள் வேண்டும். மை மறுபுறம் ஊடுருவும் ஆதலின் அடியில் வேறொரு தாள் வேண்டும். தொடங்குமுன்பே ஒளி எங்கே என்று முடிவு செய்தாக வேண்டும். ஏனெனில், தாளின் வெண்மையே இங்கே ஒளி. ஒருமுறை இருளால் மூடிவிட்டால் அதனை முழுமையாக மீட்டல் அரிது. ஆகவே நடுவே ஒரு வெண்பட்டையை விட்டு, அதனையொட்டி இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும், அதற்கப்பால் ஊதாவும் கருநீலமும், ஓரங்களில் இறுதியாகக் கருமையும் இடுவர். உலர்ந்த சாயத்தையும் புதிய ஆல்கஹால் மீண்டும் இளக்கிவிடும். அதனால் ஒரு நிறம் மற்றொன்றினுள் வரம்பு தெரியாமல் கலக்கிறது. நிறமற்ற கலப்புக்கோலின் ஒரு சொட்டு, சாயத்தைச் சுற்றிலும் விலக்கி, மேகம்போன்ற ஒரு வெளிர்வட்டத்தை உண்டாக்குகிறது. அனைத்தும் உலர்ந்தபின் வெண்மைப் பேனாவால் விண்மீன்களைப் புள்ளியிடுவர்.

பொறுமை, முன்னறிவு, எதனை விட்டுவைப்பது என்னும் தெளிவு ஆகியவை இதற்கு வேண்டும். இவை வீண்வேலையின் இலக்கணங்கள் அல்ல. குறைகளும் உள. ஆவி நெடியுடையது, சாளரத்தைத் திறந்துவைத்து, அடுப்பருகே அமராமல் வரைதல் வேண்டும். இச்சாயம் வெயில் பட்டால் நாளடைவில் வெளிறும். வாங்கும் செலவும் சிறிதன்று. இவற்றை அறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.

நம்முடைய வினா

அவ்விருவர் வினவாத மூன்றாம் வினா ஒன்றும் உண்டு. அதுவே நம் நெஞ்சை உறுத்துகிறது. இந்த ஓவியத்தை வரைந்த நம் பிள்ளை பால்வீதியை ஒருமுறையேனும் கண்டதுண்டா?

பெரும்பாலும் இல்லை என்பதே விடை. தொழிற்பேட்டை விளக்குகளும் நெடுஞ்சாலை விளக்குகளும் விளம்பரப் பலகைகளும் அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை இரவு வானைச் சாம்பல் நிறமாக்கிவிட்டன. எண்ணத்தக்க சில விண்மீன்களே நமக்கு எஞ்சியுள்ளன. நம் பிள்ளைகள் வரைவது வானத்தை அன்று, வானத்தின் படத்தை. அப்படமும் கண் காணும் காட்சியன்று. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியும் ஆற்றல் குன்றிவிடும் ஆதலின், பால்வீதி வெறுங்கண்ணுக்கு வெண்சாம்பல் புகைபோலவே தோன்றும். 1990இல் ஏவப்பட்ட ஹபிள், 2021இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் ஆகிய தொலைநோக்கிகளின் படங்களில், வடிகட்டிகள் வழியே தனித்தனியே பெற்ற ஒளிக்கு அறிஞர்கள் நிறம் ஏற்றித் தருகின்றனர். வெப் காண்பதோ பெரிதும் நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி. எனினும் அந்நிறங்கள் கற்பனையல்ல. இளஞ்சிவப்பு, ஒளிரும் ஹைட்ரஜன் வாயுவைக் காட்டும். நீலம், வெப்பம் மிக்க இளம் விண்மீன்களைக் காட்டும். இதனை அறிந்து வண்ணமிடும் பிள்ளைக்கு ஒவ்வொரு மார்க்கரும் ஒரு பாடமாகும்.

வானைக் காண்பது நமக்குப் புதியதா? திருமறையில் விண்மீன், சந்திரன், சூரியன் ஆகியவற்றின் பெயர்களையே தாங்கிய அத்தியாயங்கள் உள்ளன. 964ஆம் ஆண்டை ஒட்டி அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி எழுதிய நிலை விண்மீன்கள் பற்றிய நூலில், ஒவ்வொரு விண்மீன் கூட்டமும் வானில் தோன்றுமாறு ஒன்றும், கோளத்தின்மேல் அமையுமாறு ஒன்றுமாக இருமுறை வரையப்பட்டுள்ளது. ஆண்ட்ரோமெடா திரளைச் சிறு மேகம் என்று குறித்தவரும் அவரே. சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள அதனைத் தொலைநோக்கி தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே வெறுங்கண்ணால் கண்டு பதிவு செய்தார். நாம் ரோகிணி என்பதை உலகம் இன்றும் அல்டெபரான் என்கிறது. கார்த்திகையைப் பின்தொடர்வது என்பது அந்த அரபுப் பெயரின் பொருள். கடலோடிய நம் முன்னோர், விண்மீனின் உயரத்தை அளக்க, முடிச்சிட்ட கயிறு கோத்த இராப்பலகையை ஏந்தினர்.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். இன்று அதே நகரின் வானில் பால்வீதியே தெரிவதில்லை. சவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி அமைக்கப்பட்டதற்கு அம்மலையின் இருளும் ஒரு காரணம். இருள் என்பதும் காக்கப்பட வேண்டிய செல்வமே.

நம் வேண்டுகோள்

ஆண்டுதோறும் பிறை காண மாடியேறும் சமுதாயம் நாம். அந்த நோக்கை ஓரிரு மாலைகளோடு முடித்துக்கொள்ளலாமா? அண்மை ஆண்டுகளில் ரமலான் மாசி, பங்குனியை ஒட்டி வருகிறது. அத்திங்கள்களில் விடியலுக்கு முன், நாம் சஹருக்கு எழும் அதே வேளையில், பால்வீதியின் செறிந்த பகுதி தென்கிழக்கு வானில் நிற்கும். நம் தெருவிலிருந்து அது தெரியாது. நகர விளக்குகளைக் கடந்து, திருவள்ளூருக்கும் அப்பால், நிலவில்லாத ஓரிரவு மாணவர்களை ஆசிரியர்கள் அழைத்துச் செல்லலாம். சமுதாயப் பெரியோர் வாகனத்திற்கும் பாதுகாப்பிற்கும் பொறுப்பேற்கலாம். கல்லூரியிலும் பள்ளிவாசலிலும் உள்ள வெளிவிளக்குகளுக்கு மேல்மூடி இட்டு, ஒளியைத் தரைக்கே திருப்பலாம். செலவு சிறிது, பயன் பெரிது.

மாணவர்களே, கண்டுவந்து வரையுங்கள். வெண்சாம்பலாகக் கண்டதை ஒரு தாளிலும், தொலைநோக்கி காட்டிய வண்ணத்தை மறு தாளிலும் வரையுங்கள். அஸ்ஸூஃபியும் இருமுறைதானே வரைந்தார்! இரண்டின் கீழும் விண்மீன்களின் பெயர்களைத் தமிழிலும் அரபியிலும் எழுதுங்கள்.

கண்ணுக்கு இட்ட மையின் பெயர்தான் இன்று மார்க்கரின் மைக்கும் வந்து வாய்த்திருக்கிறது. அது நம் பிள்ளைகளின் கண்களை வானின்பால் திறக்குமாயின், அப்பெயருக்கு அதனினும் பொருத்தம் வேறில்லை. வரும் சுவரிதழின் முகப்பு வெற்றிடமாய் இராது என நம்புவோமாக. சுருட்டி வைத்த அந்த ஓவியத்தை எடுத்துவருமாறு அம்மாணவியை நாமே அழைப்போம். வினவிய பெரியவரையும் அருகில் அமர்த்திக்கொள்வோம்.