இல்லறப் பகுதி: புட்டியில் அடங்கும் பழமும் அடங்காத காயும்

வைகாசி பிறந்ததும் பருவமழையும் பழமும் ஒருங்கே நம் தீவுகளை வந்தடைகின்றன. மாவும் பலாவும் ஓயுமுன்னே அன்னாசி தொடங்கிவிடுகிறது. தோட்டமுள்ள இல்லங்களில் உண்டது போக, அண்டை வீட்டாருக்கு வழங்கியது போக, எஞ்சியது மரத்தடியிலேயே அழுகிப்போகிறது. அதே இல்லத்தார் ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதிக்கும்போது, சந்தைக்குச் சென்று விலையை மட்டும் கேட்டுத் திரும்புகின்றனர். சென்னைக்கும், 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேருக்கும் இடையே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கப்பல் ஏறத்தாழ மூன்று நாள் ஓடவேண்டும். ஆதலின் நம் சமையலறையில் சேமிப்பு என்பது பொழுதுபோக்கு அன்று.

தாய்நாட்டிலிருந்து நம் பாட்டிமார் கொணர்ந்த சேமிப்பு முறைகள் பெரும்பாலும் கதிரவனை நம்பியவை. வற்றல், வடகம், உலர்த்திய மாங்காய் ஆகிய யாவற்றுக்கும் மொட்டை மாடியும் சுட்டெரிக்கும் வெயிலும் வேண்டும். இராமநாதபுரத்தில் அது குறைவின்றிக் கிடைக்கும். இங்கோ ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வைகாசி முதல் மார்கழி வரை எப்பொழுது வானம் திறக்கும் என்று எவரும் சொல்லவியலாது. தை முதல் பங்குனி வரை வெயில் உண்டு. அப்பொழுது மாவடு கிட்டலாம், பழுத்த பழம் கிட்டாது. பழம் வரும்போது வெயில் போய்விடுகிறது. முற்றத்தில் பரப்பிய மாம்பழத் திரையைப் பகலில் ஐந்து முறை உள்ளே தூக்கி ஓடிய சகோதரிகளுக்கு இதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வெயிலை நம்பாத முறை ஒன்று உண்டு. பழத்தைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, மூடி, புட்டியோடு கொதிக்கவைப்பது அது. பிரான்சு நாட்டு இனிப்புப் பண்ட வணிகர் நிக்கோலா அப்பேர் இதனைப் பல்லாண்டு முயன்று கண்டறிந்து, 1810-இல் அந்நாட்டு அரசிடம் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். கெடாமல் இருப்பதன் காரணம் அவருக்கே தெரியாது என்பது வியப்பு. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே உணவைக் கெடுக்கின்றன என்பதை அரை நூற்றாண்டு கழித்தே லூயி பாஸ்டர் விளக்கினார். அதற்கிடையில், 1858-இல், ஜான் மேசன் என்னும் அமெரிக்கர் திருகு மூடியிட்ட கண்ணாடிப் புட்டிக்கு உரிமம் பெற்றார். அதன் பின்னரே இக்கலை தொழிற்சாலையை விட்டு இல்லங்களுக்குள் பரவலாயிற்று.

முறை கடினமானதன்று. அன்னாசியை எடுத்துக்கொள்வோம். கண்களையும் நடுத்தண்டையும் நீக்கித் துண்டுகளாக்குக. ஒரு பங்கு சர்க்கரைக்கு மூன்று பங்கு நீர் சேர்த்த பாகில் துண்டுகளை இட்டுப் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுக. விளிம்பு உடையாத புட்டிகளைக் கழுவி வெந்நீரில் வைத்திருந்து, சூடான புட்டியில் சூடான பழத்தையும் பாகையும் ஊற்றுக. குளிர்ந்த புட்டியில் ஊற்றினால் அது வெடிக்கும். மேலே அரை அங்குலம் வெற்றிடம் விடுக. மூங்கிற் குச்சியால் காற்றுக் குமிழிகளை விலக்கி, விளிம்பைத் தூய துணியால் துடைத்து, மூடியிடுக. ஆழ்ந்த அண்டாவின் அடியில் மடித்த துணியோ மரச்சட்டமோ இட்டு, மூடிக்கு மேல் ஓரங்குலம் நிற்குமாறு வெந்நீர் நிரப்புக. நீர் நன்றாகத் தளதளத்த பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும். அரை லிட்டர்ப் புட்டிக்குப் பதினைந்து நிமிடம், ஒரு லிட்டருக்கு இருபது. பின்னர் எடுத்துத் துணிமேல், காற்றுப் படாத இடத்தில், அசையாமல் வைத்துவிடுக. மறுநாள் மூடியின் நடுவே விரலால் அழுத்தினால் அது குழிந்து உறுதியாக நிற்கவேண்டும். டக்கென்று மேலெழும்பினால் மூடவில்லை என்று பொருள். அப்புட்டியை அன்றே உண்டு தீர்க்க.

உதகையில் வாழும் நம் உறவினர் இதே நேரக்கணக்கைக் கைக்கொள்ளலாகாது. அம்மலையுயரத்தில் நீர் 93 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடுமாதலால், அங்கே கூடுதல் நேரம் வேண்டும். நாமோ கடல் மட்டத்தில் வாழ்கிறோம். நம் அண்டா முழுமையாக 100 பாகையை எட்டும். தீவில் வாழ்வதன் நன்மைகளில் இதனையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்! இப்பகுதி பெண்டிர்க்கே உரியதென்று ஆடவர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. வெந்நீர் நிறைந்த அண்டாவை அடுப்பினின்று இறக்குவது யார் பணி?

இனி, இக்கட்டுரையை நாம் எழுதத் துணிந்ததன் காரணத்துக்கு வருவோம். அன்னாசி இவ்வளவு எளிதாக அமைந்தால், முருங்கைக்காயையும் பீன்ஸையும் அவ்வாறே புட்டியில் அடைத்து, கப்பல் வராத நாளில் சாம்பார் வைக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. தோன்றலாம், செய்யலாகாது.

கொதிநீர் பெரும்பாலான கிருமிகளை அழிக்கும். ஆனால் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் ஒன்றன் வித்து மண்ணில் எங்கும் உள்ளது. 100 பாகையில் மணிக்கணக்காகக் கொதித்தாலும் தப்பிப் பிழைக்க வல்லது. அது வளரக் காற்று இருக்கக் கூடாது, புளிப்பும் இருக்கக் கூடாது. இறுக மூடிய புட்டியில் அடைத்த பீன்ஸ் இவ்விரண்டையும் அதற்கு வழங்கிவிடுகிறது. காற்றை வெளியேற்றிய நாமே அதற்கு வீடு கட்டிக் கொடுத்தவராகிறோம். அங்கே அது கக்கும் நஞ்சு நிறத்தையோ மணத்தையோ மாற்றாமலும் இருக்கக்கூடும். உண்டவர்க்குப் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், நாக்குக் குழறும், விழுங்குதல் அரிதாகும். இறுதியில் மூச்சு விடும் தசைகளே செயலற்றுப்போகும். இக்குறிகளில் எது தோன்றினும் ஒரு நொடியும் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்க. உண்ட உணவு யாதென்றும் மருத்துவரிடம் கூறுக.

இது ஏட்டுச் செய்தி அன்று. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், லங்காஸ்டர் நகரத்துத் தேவாலய விருந்தொன்றில் உண்ட 29 பேரை இந்நோய் பற்றியது, ஒருவர் மாண்டார். வீட்டில் புட்டியில் அடைத்த உருளைக்கிழங்கால் செய்த பண்டமே காரணமாயிற்று. அதனை அடைத்தவர் கையாண்டது வெறும் கொதிநீர். வீட்டிலேயே உணவைப் புட்டியில் அடைக்கும் வழக்கம் தலைமுறைகளாக ஊறிய நாட்டில் நேர்ந்தது இது என்பதை எண்ணுக.

எல்லைக்கோடு புளிப்பே. அறிவியலார் அமில அளவை 4.6 என்ற எண்ணில் கோடு கிழித்துள்ளனர். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். அன்னாசி, மாங்காய், எலுமிச்சை, பிலிம்பி ஆகியவை கோட்டுக்குக் கீழே உள்ளன. அவற்றுக்குக் கொதிநீர் போதும். தக்காளி கோட்டின்மேலேயே நின்று ஊசலாடுவது; லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி எலுமிச்சை உப்புச் சேர்த்து, நசுக்கிக் காய்ச்சி, 45 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். நன்கு பழுத்த மாம்பழத்தின் புளிப்பு வகைக்கு வகை வேறுபடுவதால், புட்டிக்கு முற்றிய காயே ஏற்றது. பப்பாளி, வாழை, தேங்காய், பயறு, கிழங்கு, முருங்கை, மீன், இறைச்சி இவை யாவும் கோட்டுக்கு மேல்.

பிரஷர் குக்கர் இருக்கிறதே என்று சிலர் வினவுவர். 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 பாகையை எட்டும், அவ்வெப்பம் வித்துக்களை அழிக்கும் என்பது உண்மையே. ஆனால் அதற்கெனச் செய்த, அழுத்தமானி பொருத்திய பெருங்கலமும், ஒவ்வொரு காய்க்கும் சோதித்து வகுத்த நேரமும் வேண்டும். நம் சிறு குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடுவதாதலால், அந்நேரக்கணக்கு அதற்குப் பொருந்தாது. மூன்று விசில், ஐந்து விசில் என்று எண்ணுவது பருப்புக்குச் சரி, உயிருக்குச் சரியாகாது.

அவ்வாறாயின் காய்களை என்செய்வது? தை முதல் பங்குனி வரை கிடைக்கும் அச்சிறு வெயிலைக் காய்களுக்கே ஒதுக்கிவிடலாம் என்பது நம் கருத்து. கத்தரி, வெண்டை, கொத்தவரை, சுண்டை இவற்றை வற்றலாக்கி, ஈரம் புகாத டப்பாவில் அடைத்து, மழை தொடங்குமுன் மீண்டும் ஒருமுறை காயவைத்தால் ஐப்பசி வரை தாங்கும். வெயிலற்ற மாதங்களில் பழத்துக்கு அண்டா. வெயிலுள்ள மாதங்களில் காய்க்கு முற்றம். நிக்கோபார் மக்களும் வெயிலை எதிர்பாராது தாழை இனத்துப் பழத்தை வேகவைத்து, நாரை விலக்கிக் கூழாக்கி, இலையில் பொதிந்து வைக்கும் வழக்கமுடையவர். ஒவ்வொரு தீவும் தன் மழைக்கேற்ற வழியைத் தேடிக்கொள்கிறது.

மூடியைப் பற்றி ஒரு சொல். நம் உப்புக்காற்றில் தகர மூடி விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடித்ததையும், உட்புறத்து ரப்பர் வளையம் இறுகிப்போனதையும் மீண்டும் பயன்படுத்தாதீர்கள். புட்டியைப் பலமுறை ஆளலாம், மூடி ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கட்டும். புட்டிமேல் நாளைக் குறித்து, ஓராண்டுக்குள் தீர்த்துவிடுங்கள். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சீறினாலோ, நாவில் வைத்துப் பார்க்கவும் வேண்டா; குழந்தைகளும் நாயும் எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.

பலாச்சுளை இனிப்பு மிகுந்தது, புளிப்புக் குறைந்தது; ஆதலின் அதுவும் கோட்டுக்கு மேலேதான். அதற்குப் புட்டியை நாடாமல், நாஞ்சில் நாட்டார் வழியில் வெல்லமும் நெய்யும் இட்டு, நீர் முழுதும் வற்றிக் கரண்டியில் சுருளும் வரை கிளறி வரட்டியாக்கி வைத்துக்கொள்ளலாம். கை வலிக்கும், ஆயினும் கார்த்திகையில் பிரதமன் வைக்க அது உதவும்.