அளவாக முறுக்கினால் போதுமா?

“பவர் நம் கையில்தான் இருக்கிறது, ஆக்சிலேட்டரை அளவாக முறுக்கினால் புதியவரும் 1000 சிசி பைக்கில் தொடங்கலாம்” என்கிறார்கள்.

ஒன்று: புதியவருக்கு இன்னும் பழகாதது அந்தக் கைதான். பள்ளத்தில் வண்டி குதிக்கிறது, உடல் பின்னால் சாய்கிறது, மணிக்கட்டு தானாக முறுக்கிவிடுகிறது. சுமார் 8 குதிரைத்திறன் உள்ள ஸ்பிளெண்டரில் அது ஒரு குலுக்கல். சுமார் 200 குதிரைத்திறன் உள்ள நின்ஜா இசட்எக்ஸ்-10ஆரில்? ‘அளவாக’ என்று மூளை நினைப்பதற்குள் முன்னால் போகும் பஸ்ஸில் மோதியிருப்பார். புதியவரின் தவறை மன்னிக்கும் வண்டி அல்ல அது.

இரண்டு: ஏபிஎஸ் காப்பாற்றுமாம். 2019 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்கிலும் அது கட்டாயம். 150 சிசியிலேயே கிடைப்பதற்கு 1000 சிசி எதற்கு? வளைவில் எந்த வேகத்தில் நுழைவது என்பதை எந்தக் கருவி சொல்லித்தரும்?

மூன்று: “சட்டமே தடுக்கவில்லையே.” உண்மை, ஸ்பிளெண்டருக்கும் நின்ஜாவுக்கும் இங்கே ஒரே உரிமம். ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போட்டதை வைத்தா 200 குதிரைத்திறனை ஒப்படைப்பது? ஐரோப்பாவில் 18 வயதில் கிடைக்கும் ஏ2 உரிமத்துக்கு 35 கிலோவாட்தான் உச்சம்.

கேட்டு வருகிற பிள்ளையிடம் 150 சிசியில் ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.