அரண்மனைக்கு மட்டும் தான் மதிப்பா?

பழங்காலக் கட்டடம் என்றதும், கோட்டையும், அரண்மனையும் தானே நினைவுக்கு வரும், குட்டீஸ்! சின்னஞ்சிறு வீடுகளையும் காப்பாற்றத்தான் வேண்டும் என்பேன் நான்.

இங்கிலாந்து நாட்டில், பைபரி என்ற கிராமத்தில், 'ஆர்லிங்டன் ரோ' என்ற கல்வீட்டு வரிசை உள்ளது. 1380ம் ஆண்டு வாக்கில், துறவியர் மடத்தின் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டது இது. 17ம் நூற்றாண்டில், நெசவாளர் குடியிருக்க, சிறு சிறு வீடுகளாக மாற்றினர்.

சுவர் மட்டுமல்ல... கூரையும் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல் தான்! கீழ் வரிசையில் பெரிய பலகைக் கற்கள். மேலே போகப் போகச் சிறியவை. மழைநீர் தேங்காமல் வழிந்தோட, கூரையை நன்கு சரிவாக அமைத்துள்ளனர். ஊர்க் கொத்தனார்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்தீர்களா!

'நேஷனல் டிரஸ்ட்' என்ற அமைப்பு, இவற்றைப் பராமரிக்கிறது. சட்டப் பாதுகாப்பு இருப்பதால், நினைத்தபடி இடிக்கவோ, மாற்றவோ முடியாது.

ஆனால், சட்டம் மட்டும் போதாது. அங்கே இன்றும் ஆட்கள் வசிக்கின்றனர். படம் எடுக்கச் செல்வோர், ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கலாமா? கதவு திறந்து, விளக்கு எரிந்தால் தானே அது வீடு! குடியிருப்போரை விரட்டி விட்டால், வெறும் கல் தானே மிஞ்சும்?

மன்னர் கதையைச் சொல்ல, அரண்மனைகள் உண்டு. தறி நெய்தவர் கதையைச் சொல்ல, இந்த வீடுகளை விட்டால் வேறு யார் இருக்கின்றனர்?