அரை நொடிக் காட்சியும் எட்டாண்டு வழக்கும்

நான் பிறப்பதற்கு முன்பு நடந்த ஒரு சம்பவம் இது. பல்கலைக்கழகத்தில் ஊடகச் சட்டம் பற்றிய பாடத்திற்காக அந்த வழக்கைப் படிக்க நேர்ந்தது. படித்து முடித்தபோது என் நினைவுக்கு வந்தது அமெரிக்கா அல்ல, நான் படித்த உயர்நிலைப் பள்ளியின் மேடை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2004 பிப்ரவரி 1ஆம் தேதி. ஹியூஸ்டன் நகரில் ‘சூப்பர் பவுல்’ எனப்படும் அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டம். எம்டிவி தயாரித்த இடைவேளை நிகழ்ச்சியை சிபிஎஸ் தொலைக்காட்சி நாடெங்கும் நேரடியாக ஒளிபரப்பியது. ஏறக்குறைய 90 மில்லியன் பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். ஜேனட் ஜாக்சனும் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் சேர்ந்து பாடிய பாடல் முடியும் தறுவாயில், டிம்பர்லேக் கையை நீட்டி ஜேனட்டின் மேலாடையின் ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தார். ஜேனட்டின் வலது மார்பு வெளியே தெரிந்தது. உடனே கேமரா விலகியது. அந்தக் காட்சி திரையில் இருந்த நேரம் ஒரு நொடியில் பதினாறில் ஒன்பது பங்கு. அதாவது அரை நொடியைவிடச் சற்றே அதிகம்.

மேலாடையின் ஒரு பகுதியை அகற்றுவது திட்டமிட்டதுதான், உள்ளே இருந்த துணியும் சேர்ந்து வந்ததுதான் எதிர்பாராதது என்று அவர்கள் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. இருவரும் மன்னிப்புக் கேட்டனர்.

கோபத்திலும் நியாயம் உண்டு

அரை நொடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால், படத்தில் முத்தக் காட்சி வந்தால் அப்பா ரிமோட்டைத் தேடுவதும், அம்மாவுக்குத் திடீரென்று சமையலறையில் வேலை வந்துவிடுவதும் நம் வீடுகளிலும் நடப்பதுதானே? பிள்ளைகளோடு அமர்ந்து விளையாட்டுப் பார்த்த பெற்றோருக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லை. அமெரிக்காவில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அலைவரிசை வழி வரும் தொலைக்காட்சியில் ஆபாசக் காட்சிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதும் இதற்காகத்தான். எனவே அவர்கள் முறையிட்டதை நான் குறைகூற மாட்டேன். அந்தக் கோபம் அதன் பிறகு எங்கெல்லாம் போனது என்பதே என் கேள்வி.

புகார்களின் கணக்கு

ஒளிபரப்பைக் கண்காணிக்கும் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையத்திற்கு 540,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. மலைக்க வைக்கும் எண்ணிக்கை. ஆனால் அவற்றில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை சில அமைப்புகள் தயாரித்துக் கொடுத்த ஒரே மாதிரியான கடிதங்கள் என்றும், சுமார் 20 விழுக்காடு திரும்பத் திரும்ப வந்தவை என்றும், ஒரே புகார் 37 முறைகூடப் பதிவாகியிருந்தது என்றும் சிபிஎஸ் பின்னர் நீதிமன்றத்தில் வாதிட்டது. வாதிட்டவர் வழக்கில் ஒரு தரப்பினர் என்பதை மறக்கக்கூடாது. இருந்தாலும், புகார்களின் எண்ணிக்கை வேறு, புண்பட்டவர்களின் எண்ணிக்கை வேறு. ‘லைக்’, ‘ஷேர்’ எண்ணிக்கையை மக்கள் கருத்து என்று எடுத்துக்கொள்ளும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சிபிஎஸ் நிறுவனத்திற்குச் சொந்தமான 20 நிலையங்களுக்குத் தலா 27,500 டாலர் வீதம் மொத்தம் 550,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2006ல் அபராதத்தின் உச்சவரம்பை 32,500 டாலரிலிருந்து 325,000 டாலராக, பத்து மடங்கு உயர்த்தும் சட்டமும் வந்தது.

அச்சம் வேறு இடங்களுக்கும் பரவியது. 2004 நவம்பரில், இரண்டாம் உலகப் போரைப் பற்றிய ‘சேவிங் பிரைவேட் ரையன்’ படத்தை ஒளிபரப்ப ஏபிசி கட்டமைப்பைச் சேர்ந்த அறுபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் மறுத்துவிட்டன. போர் வீரர்கள் பேசும் கெட்ட வார்த்தைகளுக்காக அபராதம் வந்துவிடுமோ என்ற பயம். முந்தைய ஆண்டுகளில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஒளிபரப்பான படம் அது. பிறகு ஆணையமே அப்படத்தில் விதிமீறல் இல்லை என்று கூறியது.

அபராத வழக்கு எட்டாண்டு நீடித்தது. கணநேரத்தில் கடந்துபோகும் காட்சிகளைப் பல ஆண்டுகளாகத் தண்டிக்காமல் விட்ட ஆணையம், முன்கூட்டி அறிவிக்காமல் கொள்கையை மாற்றித் தண்டித்தது தவறு என்று 2008ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியபோதும், 2011ல் அதே தீர்ப்பு வந்தது. 2012ல் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு விசாரிக்க மறுத்ததும் கதை முடிந்தது. காட்சி சரியா, தவறா என்பதல்ல அங்கு முடிவானது. விதியை முதலில் சொல், பிறகு தண்டி என்பதுதான்.

யார் விலை கொடுத்தது?

சட்டம் அபராதம் விதித்தது நிலையங்களுக்கு. மக்கள் தீர்ப்பு விழுந்ததோ ஜேனட் மீது. ஒரு வாரம் கழித்து நடந்த கிராமி விருது விழாவில் டிம்பர்லேக் மேடையேறி, மன்னிப்புக் கேட்டு, இரண்டு விருதுகளையும் பெற்றுச் சென்றார். அதே விழாவில் தோன்றவிருந்த ஜேனட் வரவில்லை. 2018ல் சூப்பர் பவுல் இடைவேளை நிகழ்ச்சியின் முதன்மைப் பாடகராக டிம்பர்லேக் மீண்டும் அழைக்கப்பட்டார். ஜேனட் அந்த மேடைக்குத் திரும்பவே இல்லை. பழியில் பாதி தன்னைச் சேர வேண்டியது, பத்து விழுக்காடுதான் தனக்கு வந்தது என்று டிம்பர்லேக்கே சில ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். பெண்களிடமும் சிறுபான்மை இனத்தவரிடமும் அமெரிக்கா கூடுதல் கடுமை காட்டுவதாகவும் சொன்னார். அவர் ஜேனட்டிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2021ல்தான். அதற்குள் பதினேழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இன்னொன்றையும் பாருங்கள். யாரும் பார்த்திருக்கக்கூடாது என்று சொல்லப்பட்ட காட்சியைத்தான் எல்லாரும் தேடினார்கள். அந்தக் காணொளியை இணையத்தில் எளிதில் கண்டுபிடிக்க முடியாமல் போனதும் யூடியூப் தொடங்கும் எண்ணத்திற்கு ஒரு காரணம் என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜாவெத் கரீம் கூறியிருக்கிறார்.

இப்போது பள்ளி மேடைக்கு வருகிறேன். நான் உயர்நிலை மூன்றில் படித்தபோது, தீபாவளிக் கொண்டாட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தியின் ஊக்கு கழன்று தாவணி நழுவியது. அவள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஆடி முடித்தாள். கீழே இருந்த யாரோ கைப்பேசியில் அதைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். மறுநாள் எல்லாரும் கேட்ட கேள்வி, “இன்னொரு ஊக்கு குத்தியிருக்கக்கூடாதா?” என்பதுதான். படம் எடுத்தது யார், அனுப்பியது யார் என்று எவரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு இந்திய நடனக் குழுவில் அவள் இல்லை.

நான் அந்தக் காணொளியை யாருக்கும் அனுப்பவில்லை. அதையே பெரிய நல்ல காரியமாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால், குழுவில் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். பேருந்தில் தினமும் அருகே உட்கார்ந்து வந்தவன்தான். அவனிடம், “அதை அழித்துவிடு” என்ற இரண்டு வார்த்தைகளை நான் சொல்லவில்லை. அடுத்த முறை இப்படி ஒன்று உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, அந்த இரண்டு வார்த்தைகளை நீங்களாவது சொல்லிவிடுங்கள்.