சங்கிலி பூண்ட அறிவு

ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996 இல் தொடங்கிய நாவற்றொடரின் கற்பனைக் கண்டம் வெஸ்டரோஸ். அங்குள்ள சிட்டடெல் என்னும் கல்விக்கூடம் குலம் பாராது மாணவரைச் சேர்க்கின்றது. ஆகவே அக்கண்டத்திற் கல்வி சமத்துவமானது என வாதிடுவோர் உளர். இவ்வாதம் மேலோட்டமானது. பெண்களுக்கு அவ்வாயில் திறப்பதேயில்லை. கற்றுத் தேறிய ஆடவனோ குடும்பப் பெயரைத் துறந்து, துறைக்கொரு உலோகக் கண்ணியாகக் கோத்த சங்கிலியைக் கழுத்தில் அணிந்து, ஒரு பிரபுவின் கோட்டைக்குப் பணியாளனாகின்றான். மருத்துவமும் கணக்கும் மடலும் கோட்டைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. வயலில் உழைப்போரிற் பெரும்பாலோர் எழுத்தறியாமலே மடிகின்றனர்.

டாவொஸ் என்னும் பாத்திரம் இதற்குச் சான்று. தலைநகர்ச் சேரியிற் பிறந்து, கள்ளக்கடத்தல் செய்து, பின்னர் பிரபுவாக உயர்ந்தும் அவன் எழுத்தறியாதிருந்தான். 2000 இல் வெளிவந்த மூன்றாம் நாவலில், முதிர்ந்த வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய அவனே, வடவெல்லைக் காவலர் உதவி கோரி அனுப்பிய மடலின் பொருளை உணர்ந்து தன் அரசனைச் செயற்படத் தூண்டுகின்றான். கற்றோர் நிறைந்த தலைநகர் அரசவையோ அவ்வேண்டுகோளை அசட்டை செய்தது.

அடிநிலை மக்களை அறிவு சென்றடையாத நாட்டிற் கோட்டைகளுக்கும் பாதுகாப்பில்லை. சிலரை மேலேற்றிப் பலரை இருளில் விடும் கல்வியைச் சமத்துவம் என்பது, சங்கிலியை அணிகலன் என்பதற்கு ஒப்பாகும்.