பாட்டியின் பாட்டரியும் பேரனின் விளையாட்டும்



போன மாதம் செலாயாங்கில் என் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும், விடியற்காலை நான்கரைக்கு எழும் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. அன்று எழுந்தவளுக்குத் தலை சுற்றியது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள். கருவி கண் திறக்கவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால், நான்கு பாட்டரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன.

மற்ற இரண்டும் எங்கே? பேரனின் கேம் கன்ட்ரோலருக்குள்!

"அண்ணே, அவனைத் திட்டாதீங்க. சின்னப் பிள்ளை" என்று தலையைப் பிடித்துக் கொண்டே அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள். பையனுக்குப் பதின்மூன்று வயது. அவன் அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை. "ராத்திரி பாட்டரி செத்துப் போச்சு தாத்தா. கடையெல்லாம் மூடிட்டாங்க. காலையிலே திருப்பி வெச்சிடலாம்னு நெனச்சேன்" என்று குனிந்த தலை நிமிராமல் நின்றான். பக்கத்து வீட்டுக் கருவியை வாங்கி வந்து பார்த்தோம். அழுத்தம் ஏறித்தான் இருந்தது. கிளினிக்குக்கு அழைத்துப் போய் வந்தோம். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

இதைப் படிக்கும் தாய்மார்கள், "அந்த விளையாட்டையே தூக்கிப் போட வேண்டியதுதானே" என்பீர்கள். சொல்வது சுலபம். பெற்றவள் இரவு வேலைக்குப் போகும் வீட்டில், பையன் தெருவில் சுற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு நிம்மதிதான். ஆகவே பாட்டரிக்கு ஒரு வழி செய்வோம் என்று இறங்கினேன்.

முதலில் செலவைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு சோடி பாட்டரி, சோடி ஐந்து வெள்ளி என்றே வைத்துக் கொள்வோம். வருஷத்துக்கு 260 வெள்ளி குப்பைத் தொட்டிக்குப் போகிறது. திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய நல்ல பாட்டரி நான்கும் ஒரு சார்ஜரும் அதில் பாதிப் பணத்துக்குள் முடிந்துவிடும். மின்சாரச் செலவோ, ஒரு சோடியை ஒரு முறை ஏற்ற ஒரு காசுகூட ஆகாது.

அந்தக் காலத்தில் தலையில் விளக்கைக் கட்டிக் கொண்டு மரம் சீவப் போனவர்களுக்குப் பாட்டரியின் அருமை தெரியும். தீர்ந்ததை வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டியவர்கள் நாம்! சூடு பட்டால் அந்தப் பழைய ரகம் சற்றே உயிர் பெறும். இப்போதைய பாட்டரியிடம் அந்த வித்தை வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் கன்ட்ரோலரைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் மூடி இருந்து, உள்ளே இரண்டு 'டபுள் ஏ' பாட்டரி இருந்தால்தான் இந்தப் பேச்செல்லாம். 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 தொடங்கி வழக்கமான எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்கள் அப்படித்தான். 2006-இல் வந்த நிண்டெண்டோ வீயின் கைப்பிடியும் அதே ரகம். பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் லித்தியம் பாட்டரி உள்ளேயே இருக்கிறது, ஒரு வயர் போதும். ஆனால் அது வயதாகித் தளர்ந்தால் நம் கையால் சட்டென்று மாற்ற முடியாது. மூடி உள்ளதில் இரண்டு நிமிட வேலை.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது 'நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு' என்ற ரகம். அதன் மேல் 1.2 வோல்ட் என்று எழுதியிருக்கும். "சாதாரணப் பாட்டரி 1.5 ஆச்சே, இது பற்றாதே" என்று கடைக்காரரே சொல்லக்கூடும். பயப்பட வேண்டாம். சாதாரண அல்கலைன் பாட்டரி 1.5-இல் தொடங்கி, ஓட ஓட இறங்கிக் கொண்டே வரும். பாதி வழியில் அதுவும் ஏறக்குறைய 1.2-தான். இதுவோ தொடக்கம் முதல் கடைசிக்குக் கிட்டே வரை 1.2-ஐ ஒட்டியே நிற்கும். திரையில் தெரியும் பாட்டரிக் குறி மட்டும் சில நேரம் குறைத்துக் காட்டும். அவ்வளவுதான்.

இனி, நான் ஏமாந்த கதை. பாசார் மாலாமில் '4800' என்று பெரிய எழுத்தில் போட்ட நான்கு பாட்டரியை மலிவாக வாங்கினேன். எண் பெரிதாக இருந்தால் அதிக நேரம் ஓடும் என்பது என் கணக்கு. பையன் ஒரு மணி நேரம் விளையாடுவதற்குள் இரண்டு முறை கன்ட்ரோலர் அணைந்தது! பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இந்த அளவுப் பாட்டரியில் இந்த ரகத்துக்கு 2800 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டுவதே அபூர்வம். 3000-க்கு மேல் எழுதியிருந்தால் அது எழுத்தில் மட்டும்தான். சமையல் தராசில் நிறுத்தும் பார்த்தேன். நல்ல பாட்டரி ஒன்று 26 கிராம் முதல் 30 கிராம் வரை இருக்கும். என்னுடையது 16! அடுத்த வாரம் விற்றவரைத் தேடிப் போனேன். அவர் குடை விற்றுக் கொண்டிருந்தார்.

சரி, எதை வாங்குவது? முன்பெல்லாம் இந்த ரகத்தை மின்னேற்றி அலமாரியில் வைத்தால் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். ஜப்பானின் சான்யோ நிறுவனம் 2005-இல் 'எனலூப்' என்ற பெயரில், வைத்திருந்தாலும் வடியாத வகையைக் கொண்டு வந்தது. இப்போது அது பானாசோனிக் பெயரில் விற்கிறது. ஐக்கியா கடையில் 'லாடா' என்று ஒன்று உண்டு. எந்தப் பெயரானாலும், நெடுநாள் சக்தி தங்கும் என்று உறையில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். 2000 அளவும் உண்டு, 2500 அளவும் உண்டு. நான் 2000-ஐத்தான் சொல்வேன். எனலூப்பில் 2000 அளவை 2100 முறை வரை ஏற்றலாம், 2500 அளவை 500 முறை வரை ஏற்றலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். நான்காக வாங்குங்கள். இரண்டு ஓடட்டும், இரண்டு காத்திருக்கட்டும்.

சார்ஜரில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறோம். பாட்டரியை விட இதற்குத்தான் கவனம் தேவை. மலிவானது நிறைந்ததா இல்லையா என்று பார்க்காமல் ஏற்றிக் கொண்டே இருக்கும். பாட்டரி சூடாகி ஆயுள் குறையும். ஒவ்வொரு குழிக்கும் தனித்தனி விளக்கு இருந்து, நிறைந்ததும் தானே நிறுத்திக் கொள்ளும் சார்ஜராகக் கேளுங்கள். மூன்று மணி முதல் ஏழு மணி நேரத்தில் ஏற்றுவது நல்லது. பதினைந்து நிமிடத்தில் முடிப்பேன் என்பதன் அவசரம் நமக்கு வேண்டாம். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். மெத்தை மேலும் துணிக் குவியல் மேலும் வைத்து ஏற்றாதீர்கள். மேசை மேல், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றுங்கள்.

இப்போது தலையிலேயே யு.எஸ்.பி. துளை வைத்த 1.5 வோல்ட் லித்தியம் பாட்டரியும் வருகிறது. கெட்டதல்ல. ஆனால் அதில் எழுதியிருக்கும் 3000 என்பது மில்லி வாட் மணிக் கணக்கு. 1.5-ஆல் வகுத்தால் 2000-தான். கடைசி வரை நிறைந்ததாகக் காட்டிவிட்டு, திடீரென்று படுத்துவிடும். இன்னொன்று: அதே உருவத்தில் 3.7 வோல்ட் லித்தியமும் கடையில் கிடைக்கிறது. அதைக் கன்ட்ரோலரில் போட்டால் கன்ட்ரோலர் போச்சு. எழுத்தைப் படிக்காமல் போடாதீர்கள்.

சாதாரணப் பாட்டரியைச் சார்ஜரில் வைக்கவே கூடாது. ஒழுகும், வெடிக்கவும் செய்யும். பழையதையும் புதியதையும் சோடி சேர்க்காதீர்கள். பலமானது பலவீனமானதைக் கெடுத்துவிடும். எங்கள் பையன் சோடி மாறாமல் இருக்க, பேனாவால் அ, ஆ என்று குறித்து வைத்துக் கொண்டான். எனக்குத் தோன்றாத யோசனை!

சுவர்க் கடிகாரத்துக்கு வழக்கமான பாட்டரியே போதும். இரத்த அழுத்தக் கருவிக்குப் புதிதாக நான்கு அல்கலைன் வாங்கிப் போட்டோம். அதன் மூடியைச் சுற்றி ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. 'பாட்டியுடையது, தொடாதே' என்று அதில் எழுதியவன் பேரன்தான்.